நாவி தொட்ட நாக்கு

எங்கள் குடும்பத்தில் தமிழ் எழுத்தைக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் கீர்த்தனைப் புத்தகத்தை வைத்துக் கற்றுக்கொண்ட எழுத்து அது. 'இரட்சிப்பு', 'ஸ்தோத்திரம்' எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. 'கறிவேப்பிலை' எழுதச் சொன்னால் எந்த 'ரி' என்று கூரையைப் பார்ப்பேன். இங்கே பர்மாவில், தாமுவேப் பேட்டையில் நான் வைத்திருக்கும் ஜெராக்ஸ் கடைக்குக் கோயில் நோட்டீஸ் வந்தால் பிழை திருத்துவதும் நான்தான். ஒருமுறை 'அன்னதானம்' என்பதை 'அண்ணதானம்' என்று திருத்திக் கொடுத்தேன். அந்தத் தெருவில் யாருக்கும் அது தெரியவில்லை என்பதால் என் புகழ் அப்படியே இருந்தது.

என் மாமனார் க்யிம்யிண்டைங் சந்தையில் வெங்காய வியாபாரம் செய்து ஓய்ந்தவர். தமிழை ஊர் கேட்கப் பேசுவார், ஆனால் பள்ளியில் படித்ததெல்லாம் பர்மிய எழுத்து. மாமியார் பர்மியப் பெண்மணி, இப்போது இல்லை. அதனால் என் மனைவிக்கு உறங்குவதும் கனவு காண்பதும் பர்மிய மொழியில்தான். எங்களோடு சண்டை போடும்போது மட்டும் தமிழ் வரும்.

நானும் மாமனாரும் பதினெட்டு வருடம் ஒரே வீட்டில் இருந்தோம். கல்யாணப் பேச்சின்போது அவர் என்னை "வேதக்காரப் பய" என்று சொல்லிவிட்டார். ஒருமுறைதான் சொன்னார். நான் மறக்கவில்லை. அன்றிலிருந்து அவரை மாமா என்று கூப்பிட்டதில்லை. "இந்தாங்க", "பாருங்க", "சாப்பாடு ஆறுது" என்றே காலத்தை ஓட்டிவிட்டேன். ரொம்பப் பெரிய சாதனை என்று அப்போது நினைப்பு.

போன மழைக்காலத்தில் அவருக்கு வயிறு கெட்டது. கூடவே முழங்கால் வலி. டாக்டர் கொடுத்த மாத்திரையைச் செடிக்குப் போட்டுவிட்டு, சென்னைக்குக் கண் ஆபரேஷனுக்குப் போன பக்கத்து வீட்டுக்காரரிடம் இரண்டு மருந்து வாங்கிவரச் சொன்னார். இரண்டுமே எங்கோ வடக்கே பனிமலையில் முளைக்கும் கிழங்கு. ஒன்று உரைத்துக் குடித்தால் வயிறு கட்டும். மற்றது முட்டிக்கு எண்ணெய் காய்ச்ச.

"முட்டி மருந்து மேலுக்குத்தான் மாப்ளே. வாயில வெச்சா ஆளு காலி" என்று எனக்கே எச்சரிக்கை செய்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் வந்தார், இரண்டு பொட்டலத்தைக் கொடுத்தார், கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஷ்வேப்யிதாவில் இருக்கும் மகள் வீட்டுக்கு ஓய்வெடுக்கப் போய்விட்டார். எது வயிற்றுக்கு, எது முட்டிக்கு என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. மாமனாருக்குப் பெயர்கள் மறந்துவிட்டன. நாட்டு மருந்துக் கடைக்காரர் பொட்டலத்தின் மேல் பேனாவால் பெயரை மட்டும் எழுதியிருந்தார். ஒன்றில் 'அதிவிடயம்'. மற்றதில் 'நாவி'.

என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிடாமல் இருப்பார்களா?

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தேன். "இதிலென்ன சந்தேகம்? விடம் என்றால் விஷம். அதி என்றால் மிக அதிகம். அதிவிடயம், பெயரிலேயே பயங்கரம். இது முட்டிக்கு. நாவி பாருங்க, நா என்றால் நாக்கு. நாக்கில் வைக்கிறது. இது வயித்துக்கு" என்று தீர்ப்புச் சொன்னேன். தமிழ் எவ்வளவு தெளிவான மொழி என்று ஒரு சிறு பிரசங்கமும் செய்தேன்.

மனைவிக்கு ஒப்பவில்லை. "ஏங்க, பக்கத்து வீட்டு அங்கிளுக்குப் போன் போட்டிருக்கேன். எடுக்கல. எடுக்கட்டும். ஒருநாள்ல அபேக்கு ஒண்ணும் ஆயிடாது" என்றாள். அவள் அப்பாவை அபே என்றுதான் கூப்பிடுவாள்.

"உனக்குத் தமிழ் தெரியுமா, எனக்குத் தெரியுமா?" என்று கேட்டேன். கல்லை எடுத்து, நாவியை நீர் விட்டு உரைத்தேன். சந்தனம் போல வழுவழுவென்று வந்தது. ஒரு கிண்ணத்தில் வழித்துத் தேன் கலந்து மாமனார் முன்னால் வைத்தேன்.

"நீங்க மொதல்ல நக்கிப் பாருங்க" என்றாள் மனைவி. சொன்ன விதம் சரியில்லை. ரோஷம் வந்துவிட்டது. கல்லில் ஒட்டியிருந்ததை விரல் நுனியில் தொட்டு நாக்கில் தடவினேன். லேசான கசப்பு. "பார்த்தாயா?" என்று சிரித்தேன்.

மாமனார் மருந்தோ சோறோ கும்பிடாமல் தொடமாட்டார். எங்கள் வீட்டு அலமாரியில் மேலே புத்தர், கீழே முருகன், பக்கத்தில் காளி, மூலையில் வீட்டைக் காக்கும் பர்மிய தேவதைக்கென்று கட்டித் தொங்கவிட்ட தேங்காய். ஓட்டுக் கேட்கப் போகும் வேட்பாளரைப் போல ஒருவரையும் விடாமல் கும்பிட்டு, யார்வரை வந்தோம் என்று மறந்து போய் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார். இதை வைத்து நான் பதினெட்டு வருடம் கேலி செய்திருக்கிறேன். அவர் காளிக்கு வந்திருந்தபோது என் நாக்கு நுனியில் எறும்பு ஊர்ந்தது.

முதலில் தேன்தான் என்று நினைத்தேன். பிறகு நான் தேனைத் தொடவே இல்லை என்று நினைவு வந்தது. அவர் தேங்காய்க்குப் போனார். எனக்கு உதட்டின் உள்பக்கம் ஜிவ்வென்று இழுத்தது. அவர் மறுபடி புத்தரிடம் திரும்பினார். என் நாக்கு இருக்கும் இடத்தில் யாரோ ஈரத் துணியை மடித்து வைத்தாற்போல இருந்தது. பல்லால் கடித்துப் பார்த்தேன். கடிபட்டது என் நாக்கு மாதிரி இல்லை.

அப்போதுதான் விளங்கியது. நான் தொட்டது விரல் நுனியளவு. அவர் முன்னால் இருப்பது கிண்ணம் நிறைய. நான் கையால் உரைத்து, தேன் விட்டு, தமிழ் விளக்கத்தோடு வைத்த கிண்ணம்.

மாமனார் கும்பிட்டு முடித்து உட்கார்ந்து கிண்ணத்தைத் தூக்கினார். "குடிக்காதீங்க" என்று கத்த வாயைத் திறந்தேன். அந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், நாக்கு எத்தனை இடத்தில் போய் முட்ட வேண்டியிருக்கிறது என்று. என் வாயிலிருந்து எச்சில்தான் வந்தது. எழுந்து ஓடலாம் என்றால் பயத்தில் கால் பின்னிக்கொண்டு நாற்காலியோடு விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பர்மிய மொழியில் முயன்றேன். அதில் எதையும் மறுக்க முன்னால் ஒரு 'ம' போட்டால் போதும். 'மத்தௌநெ' என்றால் குடிக்காதே. அதிலும் முதல் எழுத்துக்கு மேல் என் வாய் போகவில்லை.

"ம! ம!" என்றேன். "ம... ம!"

கிண்ணம் உதட்டருகே நின்றது. மாமனார் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. "மாப்ளே?" என்றார், "என்னியவா மாமான்னு கூப்புடுறீங்க?"

அவர் அதிசயப்பட்டு நின்ற அந்த ஒரு கணத்தில் அடுப்படிக்குப் போயிருந்த மனைவி பாய்ந்துவந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டாள். அவள் காதில் விழுந்தது வெறும் பர்மிய 'ம'. வேண்டாம், கூடாது. சுவரெல்லாம் தேன்.

கிளினிக்கில் டாக்டர் என் நெஞ்சில் ஒயர்களை ஒட்டிவைத்துக்கொண்டு என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். நான் வாய் இருந்தும் முழித்தேன். மனைவிதான் பர்மிய மொழியில் சொன்னாள், என் தமிழ்ப் புலமை உட்பட ஒன்றையும் விடாமல். நர்ஸ் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விரல் நுனியோடு போனதால் பிழைத்தாய் என்றார் டாக்டர். தவளை தன் வாயால் கெடும் என்பதை எனக்காகவே சொல்லிவைத்திருக்கிறார்கள்.

பக்கத்து வீட்டுக்காரர் சாயங்காலம் போனை எடுத்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, "ஐயோ, அதிவிடயம் பச்சக் கொழந்தைக்குக் குடுக்கறதாச்சே! நாவிதான் விஷம்" என்றார். மனைவி இரண்டு பொட்டலத்தையும் குப்பையில் போட்டாள். மாமனாருக்கு மாத்திரையை அவளே கையில் கொடுத்து, விழுங்கும்வரை எதிரில் நின்றாள்.

நான் கிளினிக் கட்டிலில் கிடந்தபோது மாமனார் பெஞ்சில் உட்கார்ந்து, வருகிற ஆளுக்கெல்லாம் கதை சொன்னார். "பதினெட்டு வருசத்துல மொதத் தடவ மாமான்னு கூப்ட்டாரு. நம்ம கை அப்படியே நின்னுபோச்சு. இல்லேன்னா குடிச்சிருப்பேன்." கால்மாட்டில் நின்ற மனைவி குனிந்து மெதுவாக, "நீங்க 'ம'ன்னுதானே சொன்னீங்க?" என்று கேட்டாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

வெட்கமாக இருந்தது. அந்த மனிதரை என் கர்வத்தால் கொன்றிருப்பேன். அவரோ நான் காப்பாற்றியதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாய்க்குள் 'மாமா' என்று சொல்லிப் பார்த்தேன். அந்தச் சொல்லுக்கு நாக்கே வேண்டியதில்லை. இரண்டு உதடு போதும். அதைச் சொல்லத்தான் இத்தனை வருடம் எனக்கு வாய் வரவில்லை.

இருட்டுவதற்குள் நாக்கு கொஞ்சம் கொஞ்சமாக என்னுடையதானது. மாமனார் வெந்நீரை ஆற்றிக்கொண்டு வந்தார். "நாக்கு வந்துடுச்சா மாப்ளே?"

மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துடுச்சு, மாமா" என்றேன்.