கடலில் தூங்காத மனுஷன்

என் வீட்டுக்காரர் காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். இரண்டாயிரம் பிறந்து சில வருஷம் ஆகியிருந்தது. கரைக்கு வந்து மதியம் படுத்தால் தூக்கத்திலேயே வலை இழுப்பார். கையில் சிக்குவது என் தலைமுடி. ஒருநாள் உதடு கிழிந்தது. தெருவே அவரைக் குடிகாரன் என்றது. சொட்டுகூடத் தொடாதவர். ஆத்திரத்தில் அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனேன்.

அங்கே ஒரு டாக்டரம்மா தூக்கத்தை ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கனவில் இப்படிக் கையை வீசுகிறவர்களில் சிலருக்குப் பல வருஷம் கழித்து மூளை கெட்டுக் கைநடுக்கம் வருமாம். மூளையை ஸ்கேன் எடுப்பார், தூங்கிய நேரத்தைத் தாளில் எழுதி வாங்குவார், இரண்டையும் கம்ப்யூட்டரில் போடுவார். நோயாளிகளுடையதையும் நோயில்லாதவர்களுடையதையும் காட்டிக்காட்டி அதைப் பழக்கி வைத்திருந்தார்.

அது இவரை நோயாளி பக்கம் தள்ளியது. படகு ஓனருக்குத் தெரிந்தால் வேலை போகும். அந்த மெஷினைக் கண்டபடி திட்டினேன். வேறு யாராவது என்றால் வெளியே போ என்றிருப்பார்கள். டாக்டரம்மா தாளை எடுத்துப் பார்த்தார்.

"எட்டு நாள் தூங்கவே இல்லைன்னு எழுதியிருக்கீங்களே?"

"கடல்ல இருந்தேம்மா."

"கடல்ல தூங்க மாட்டீங்களா?"

"வேலைக்குப் போன எடத்துல எவன் தூங்குவான்? சும்மா கண்ண மூடிக்கினு கெடப்பேன். அடுத்த ஆளு வந்து ஒதைக்கற வரைக்கும் மூணு மணி, நாலு மணி நேரம்..."

"யோவ், அதுக்குப் பேரு இன்னாய்யா?" என்று கத்தினேன்.

எங்கள் ஆட்களில் எவனும் கடலில் தூங்கினேன் என்று சொல்லமாட்டான். மானப் பிரச்சினை. டாக்டரம்மா சிரிக்கவில்லை. "தப்பு என்னோடது. நான் கேள்வியைத் தப்பாக் கேட்டிருக்கேன்" என்றார். படித்தவர் ஒருவர் எங்களிடம் அப்படிச் சொல்லி அன்றுதான் கேட்டேன். மறுவாரமே துறைமுகத்துக்கு வந்து, மீன் தண்ணீரில் செருப்பு ஊற நின்று, படகுக்காரர்களிடம் "எப்பப்ப கண்ணை மூடுவீங்க?" என்று கேட்டு எழுதினார். அதைக் கம்ப்யூட்டருக்குப் புதிதாகச் சொல்லிக்கொடுத்தார்.

இந்த முறை அது இவரை நோயில்லாதவர் பக்கம் வைத்தது. அதையும் டாக்டரம்மா அப்படியே நம்பிவிடவில்லை.

"மூளையில இப்ப கெடுதல் தெரியல. பின்னால வராதுன்னு சொல்லமாட்டேன். வருஷாவருஷம் வாங்க. படகுல திறந்த தளத்துல மட்டும் படுக்காதீங்க. கனவுல எழுந்தா நேரா கடல்தான்."

கேபினுக்குள் படுக்க ஆட்களிடம் காரணம் சொல்லியாக வேண்டும். அடுத்த தடவை படகு கிளம்பும்போது நான் கரையில் நின்றேன்.

"டேய், நான் கடல்ல தூங்குவேன்டா. நான் படுத்தா கேபின் கதவச் சாத்திடுங்க" என்றார்.

"இன்னா மாமு, புதுசா சொல்ற? உன் கொறட்டைல என்ஜின் சத்தமே கேக்காதே!" என்றான் ஒருவன்.

அவரும் சேர்ந்து சிரித்தார். கதவுக்குப் புதுத் தாழ்ப்பாளை நானே வாங்கிக் கொடுத்திருந்தேன்.