கோழிக்குஞ்சு தூங்கும்போது கெட்டிமேளம்

கார்ட்டூனுக்கு மெட்டுப் போட்டவன் என்று சொன்னால் இப்போதுள்ள பசங்கள் சிரிக்கிறார்கள். போட்டேன் ஐயா. ஜப்பான்காரன் மலாயாவை ஆண்ட காலத்தில், காஜா பேராங்கில், தகரக் கூரை போட்ட ஒரு படக்கொட்டகையில்.

புரொஜெக்டரில் படம் ஓடும், சத்தம் வராது. ஸ்பீக்கர் செத்துப்போய், பார்ட்ஸ் கிடைக்காத காலம். ஜப்பான் ஆபிசர் ஒருவர் கோழிக்குஞ்சு கார்ட்டூன் ஒன்றைக் கொடுத்து, வெள்ளிக்கிழமை வந்து பார்ப்பேன் என்று சொல்லிவிட்டார். கொட்டகை மானேஜர் சூசை என் வீட்டுக்கு ஓடிவந்தார்.

"மாஸ்டர், ஆர்மோனியத்த வச்சு நீங்கதான் இதுக்கு மெட்டுப் போடணும். ஆபிசருக்குப் புடிச்சா உங்க செட்டுக்கு இங்கயே வேலை. புடிக்கலன்னா சயாம் காட்டுல ரயில் பாதை போட ஆள் புடிச்சிக்கிட்டு இருக்காங்க, தெரியுமில்ல?"

சயாமுக்குப் போனவன் திரும்பி வந்து நாங்கள் பார்த்ததில்லை. உடனே சரி என்றேன்.

படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னேன். குஞ்சு ஏணி ஏறினால் சரிகமபதநி. வழுக்கினால் அதையே தலைகீழாக. பூனை வந்தால் ஆர்மோனியத்தின் அடிக்கட்டை. விழுந்தால் தவில். கடைசியில் குஞ்சு தூங்கும், அதற்குத் தாலாட்டு ராகம் நீலாம்பரி. தவில்காரன் கோவிந்தன் கல்யாண வீடுகளில் வாசித்துப் பழகியவன். "குஞ்சு தூங்கிட்டா குச்சிய கீழ வச்சிடணும்" என்று அவனிடம் படித்துப் படித்துச் சொன்னேன்.

"நான் என்ன சின்னப்பிள்ளையாண்ணே?" என்றான்.

வெள்ளிக்கிழமை ஆபிசர் முன்வரிசையில், எங்கள் பக்கத்திலேயே வந்து உட்கார்ந்தார். எல்லாம் கச்சிதமாகப் போனது. குஞ்சும் தூங்கியது. நீலாம்பரி அவருக்குப் பிடித்துவிட்டது போல. ஆள்காட்டி விரலைத் தூக்கி மெதுவாகத் தாளம் போட ஆரம்பித்தார்.

விரல் ஆடுவதைக் கோவிந்தன் பார்த்தான். தாலி கட்டும் நேரத்தில் ஐயர் விரலை ஆட்டினால் என்ன செய்வானோ, அதையே செய்தான். கெட்டிமேளம்! கூரைத் தகரம் அதிர்ந்தது.

ஆபிசர் துள்ளி எழுந்து, வேண்டாம் வேண்டாம் என்று விரலை இன்னும் வேகமாக ஆட்டினார். வேகமாக ஆட்டினால் வேகமாக அடிக்கவேண்டும், கல்யாண வீட்டுச் சட்டம் அது. இவர் ஆட்ட, அவன் அடிக்க, பின்வரிசையில் எவனோ பழக்கதோஷத்தில் தின்றுகொண்டிருந்த கச்சாங் கடலையின் தோலை அட்சதையாக அள்ளி வீசினான். அது ஆபிசர் தலையில் விழுந்தது. சயாம் நிச்சயம் என்று நினைத்துக்கொண்டே பாய்ந்து குச்சியைப் பிடித்தேன்.

திரையில் அந்தக் குஞ்சு இத்தனை அமர்க்களத்திலும் அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தது. ஆபிசர் அதைப் பார்த்தார். கோவிந்தனைப் பார்த்தார். தலையிலிருந்த தோலைத் தட்டிவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

மறுநாள் சூசை வந்தார். "மாஸ்டர், ஆபிசர் இன்னைக்கும் வர்றாராம். அதே மாதிரி அடிக்கணுமாம். விரல அவர்தான் ஆட்டுவாராம், வேற யாரும் ஆட்டக்கூடாதாம்."

ஜப்பான் சண்டை முடியும்வரை எங்கள் செட்டில் ஒருவரும் சயாம் போகவில்லை.

படத்துக்கு மெட்டுப் போடும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். படத்தைப் பார்த்து மெட்டுப் போடுவது பாதி வேலைதான். வாசிக்கிறவன் கண் எங்கே போகிறது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். நான் பார்க்கவில்லை. அதனால்தான் பிழைத்தோம்.