“வேற எதுனா சாப்பிடறீங்களாக்கா?”

அன்று நான் மறந்தேனா, மறைத்தேனா? இரண்டு வருடம் ஆகப் போகிறது. இந்தக் கேள்விக்கு எனக்கே இன்னும் பதில் தெரியவில்லை.

ஒரகடம் பக்கத்தில் வாடகை வீட்டில் இருக்கிறோம். கணவருக்கு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. மகள் பிறந்த சில மாதங்களில், எனக்குத் தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். டாக்டர் சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஆள் நான். எழுந்ததும் வெறும் வயிற்றில் மாத்திரை. ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. இரும்புச்சத்து மாத்திரையை இதோடு சேர்க்கக் கூடாது என்றதால் அது மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. எல்லாவற்றுக்கும் காலண்டரில் டிக் அடித்து வைப்பேன்.

ஒன்றே ஒன்றுதான் அந்தக் காலண்டரில் ஏறவில்லை. பிரசவத்துக்குப் பிறகு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. செல்போனில் விளம்பரம் பார்த்து, முடிக்கான வைட்டமின் ஜெல்லி ஒரு டப்பா வரவழைத்தேன்.

“முடிக்கு மிட்டாயா? வளர்ந்தா எனக்கும் ரெண்டு குடு” என்று தன் முன்மண்டையைத் தடவிக்கொண்டே கணவர் சிரித்தார். ரோஷத்தில், இனிமேல் சாப்பிட மாட்டேன் என்றேன். ஆனால் டப்பாவைக் குழந்தையின் பையில் டயப்பருக்கு அடியில் வைத்துக்கொண்டு தினமும் மென்றேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தப் பரிசோதனை. சுங்குவார்சத்திரத்தில் ஒரு சின்ன லேபில் எடுப்போம். அங்கே ரத்தம் எடுக்கிற பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், பக்கத்துக் கிராமம். என் கையில் நரம்பு லேசில் கிடைக்காது. அவள் மட்டும் ஒரே குத்தில் எடுத்துவிடுவாள். அன்றும் கையில் ரப்பரைக் கட்டிக்கொண்டே கேட்டாள்:

“தைராய்டு மாத்திரை தவிர வேற எதுனா சாப்பிடறீங்களாக்கா? சத்து மாத்திரை, வைட்டமின், எதுனா?”

திரைக்கு அந்தப் பக்கம் கணவர் குழந்தையை வைத்துக்கொண்டு போனில் சூப்பர்வைசரிடம் பேசிக்கொண்டிருந்தார். “இரும்புச்சத்து மட்டும்தாம்மா” என்றேன். ஜெல்லி அந்த நேரத்தில் நினைவுக்கே வராமல் சொன்னேனா, அவர் காதில் விழுந்துவிடும் என்று பயந்து சொன்னேனா, தெரியவில்லை.

மறுநாள் செல்போனில் ரிப்போர்ட் வந்தது. டி.எஸ்.எச்., அதாவது தைராய்டு குறைந்தால் ஏறுகிற, மருந்து அதிகமானால் இறங்குகிற அளவு, அடிமட்டத்தில் இருந்தது. இணையத்தில் தேடினால், மருந்து அதிகமாகிவிட்டது, நெஞ்சு படபடக்கும், உடம்பு இளைக்கும் என்றெல்லாம் போட்டிருந்தது. எனக்கோ முகம் ஊதி, கைகால் கனத்து, வெயிலில்கூடக் குளிர்ந்தது. பால் கொடுக்கிறவள், மருந்தை விடுவதா தொடர்வதா என்ற பயம் வேறு. இது என் ரத்தமே இல்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, டாக்டரிடம் போகாமல் நேராக லேபுக்குப் போனேன்.

கம்பெனியில் சேர மெடிக்கல் டெஸ்ட் எடுக்க வந்தவர்கள் ஃபார்மோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் எதிரில்தான் கத்தினேன்.

“யார் பேரைக் கொண்டுபோய் யார் டியூப்ல ஒட்டின? படிச்சிட்டுத்தான் இந்த வேலைக்கு வந்தியா?”

“உங்க பேரக் கேட்டுதானக்கா ஒட்னேன். மாறலக்கா” என்றாள்.

வரிசையில் ஒருவர் பக்கத்திலிருந்தவரின் தோளைத் தட்டினார். “மச்சான், உனக்குக் கொயந்த பொறக்கப் போவுதுன்னு ரிப்போர்ட் வரும் பாரு!” எல்லோரும் சிரித்தார்கள். இரண்டு பேர் ஃபார்மை மடித்துக்கொண்டு எழுந்தே போய்விட்டார்கள். சத்தம் கேட்டு லேப் முதலாளி வெளியே வந்தார். “இன்னா பண்ணி வெச்சிக்கீற நீ? நாளைலேர்ந்து ஊசி புடிக்காத. வாசல்ல உக்காந்து டோக்கன் குடு, போதும்.”

அவள் கையுறையைக் கழற்றினாள். எனக்கோ, எழுதவே கூசுகிறது, ஜெயித்துவிட்டாற்போல் இருந்தது.

அடுத்த நாள் கணவரோடு டாக்டரிடம் போனேன். ரிப்போர்ட்டையும் என்னையும் அவர் மாறி மாறிப் பார்த்தார். “இது சொல்றதுக்கும் உங்க உடம்பு சொல்றதுக்கும் சம்பந்தமே இல்லையேம்மா” என்றார். அந்த நேரத்தில் மடியில் இருந்த மகள் பையைக் குடைந்து, ஜெல்லி டப்பாவை வெளியே எடுத்து, கிலுகிலுப்பை மாதிரி ஆட்ட ஆரம்பித்தாள். டாக்டர் அதை வாங்கி, பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்தார்.

“இதுல பயோட்டின்ங்கிற வைட்டமின் இருக்கு. சில மெஷின்ல இது ரிசல்ட்டையே தப்பாக் காட்டும். இதை நிறுத்திட்டு, சில நாள் கழிச்சு மறுபடி டெஸ்ட் எடுங்க. லேப்ல கேட்டிருப்பாங்களே?”

கணவர் டப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “கேட்டாங்களா?”

“கேக்கவே இல்லைங்க” என்றேன்.

லேபில் சொன்னதைப் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். இதில் சந்தேகமே கிடையாது, தெரிந்தே சொன்ன பொய். “சின்ன லேப்னா இப்டித்தான். ஒண்ணும் தெரியாத பொண்ணுங்கள வெச்சிருப்பாங்க” என்றார் கணவர். பி.எஸ்ஸி. வேதியியல் படித்த நான் பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டினேன்.

ஜெல்லியை நிறுத்திவிட்டு மறுபரிசோதனைக்கு அதே லேபுக்குப் போனேன், அவளிடம் உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று. வேறொருவர் ரத்தம் எடுத்தார், மூன்று குத்து. அந்தப் பெண் எங்கே என்று கேட்டேன். “அது நின்னு ஒரு வாரம் ஆவுதே. கம்பெனில சேந்துடுச்சாம்” என்றார். ஏன் நின்றாள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. இந்த முறை ரிப்போர்ட் சரியாக வந்தது. டி.எஸ்.எச். ஏறியிருந்தது, டாக்டர் மருந்தைக் கூட்டினார், சில வாரங்களில் உடம்பு தேறியது.

போன மாதம் சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் அவளைப் பார்த்தேன். சீருடை, கழுத்தில் அடையாள அட்டை, கம்பெனி பஸ்ஸுக்காக நின்றிருந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வதற்குள் அவளே கிட்டே வந்துவிட்டாள்.

“அக்கா! பாப்பா இம்மாம் பெருசா வளந்துடுச்சா! தைராய்டு இப்ப எப்டிக்கா கீது?”

“பரவாயில்லம்மா. நீ?”

“லைன்ல நிக்கணும்க்கா, காலுதான் வலிக்கும். ஊசி புடிச்ச கை, இப்ப ஸ்க்ரூ புடிக்குது” என்று சிரித்தாள். பஸ் வந்தது. ஏறிவிட்டாள். அதற்குள் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை.

இப்போது மாத்திரை, இரும்புச்சத்து, டாக்டரே எழுதிக்கொடுத்த வைட்டமின் டி என எல்லாமே காலண்டரில் இருக்கின்றன. யார் கேட்டாலும் ஒன்றுவிடாமல் ஒப்பிப்பேன். ஆனால் என் கணவருக்கு அவள் இன்னும் ஒன்றும் தெரியாத பெண்தான். லேப் முதலாளிக்கும் பெயரை மாற்றி ஒட்டியவள்தான். அவளிடம் போய்ச் சொன்னால், நடந்தது என்னால்தான் என்று தெரிந்து மறுபடி நோகுமோ, அல்லது தன் மேல் தவறில்லை என்று தெரிந்து அவளுக்கு நிம்மதியாக இருக்குமோ? நான் நினைப்பது அவள் மனசுக்காகவா, என் மனசுக்காகவா என்பதும் புரியவில்லை. யாரிடம் முதலில் சொல்ல வேண்டும், எப்படி ஆரம்பிக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். விட்டுவிடுங்கள் என்று மட்டும் எழுதாதீர்கள். அதைத்தான் இத்தனை நாளாக நானே எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.