கீச்சக்கா அளந்த கிணறுகள்

அவளை ஊரில் எல்லோரும் கீச்சக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பள்ளிச் சீருடைகளுக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு நிலத்தடி நீர் அலுவலகத்தில் ஒரு வேலை கிடைத்தது. கையில் பிடித்துச் சுற்றும் ஒரு சக்கரம், அதில் சுருண்ட நாடா, நாடாவின் நுனியில் ஓர் உலோகக் குண்டு. கிணற்றுக்குள் இறக்கினால், குண்டு தண்ணீரைத் தொட்டதும் சக்கரம் "கீச்" என்று கத்தும். நாடாவில் அந்த இடத்தில் இருக்கும் அளவைப் பார்த்து, அலுவலகம் கொடுத்த செல்போனில் பதிய வேண்டும். வாரம் ஒருமுறை, மேல்தெருவிலும் கீழ்த்தெருவிலும் இருக்கும் எல்லாக் கிணறுகளிலும்.

கிணறுகள் எல்லாம் பின்கட்டில்தான். சில வீடுகளில் அவற்றைப் பலகை போட்டு மூடி, மேலே உடைந்த நாற்காலியும் வெங்காயக் கூடையும் வைத்திருப்பார்கள். அவள் வந்தால் அலுத்துக்கொண்டே எல்லாவற்றையும் நகர்த்துவார்கள். "கீச்சக்கா நாடி பாக்க வந்தாச்சு" என்று உள்ளே குரல் போகும். நாடா இறங்குகிற நேரத்தில் பெண்கள் மாமியாரைப் பற்றியும் மூட்டுவலியைப் பற்றியும் சொல்லி முடித்துவிடுவார்கள். ஊரின் முகத்தைவிட அதன் முதுகுதான் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

அவளுக்குப் பிடித்தது அந்த இறங்கும் நேரம்தான். காது ஒரு பக்கம் கதை கேட்கும், மனம் நாடாவோடு கீழே போய்விடும். நாள் போகப்போக அது தூக்கத்திலும் வந்தது. கனவில் அவள் ஊருக்கு அடியில் நடப்பாள். முழங்கால் அளவு தண்ணீர், சத்தமே இல்லாமல் எங்கோ போய்க்கொண்டிருக்கும். தலைக்கு மேலே வட்டவட்டமாக வெளிச்சம், ஒவ்வொன்றும் ஒரு கிணறு. ஒரு வட்டத்தில் யாரோ குனிந்து பார்ப்பார்கள், வாளி இறங்கும். கீழிருந்து பார்த்தால் யார் எந்தத் தெருக்காரர் என்று தெரியாது.

"தூக்கத்துல 'இன்னும் இறக்கு, இன்னும் இறக்கு'ங்கற" என்று காலையில் கணவன் கேலி செய்வான். அவன் தண்ணீர் லாரி ஓட்டுபவன். ஊருக்கு வெளியே செங்கல் சூளைக்காரரின் ஆழ்துளைக் கிணற்றில் நிரப்பி, ஓட்டல்களுக்கும் மருத்துவமனைக்கும் கொண்டுபோய் ஊற்றுவான். மதியம் லாரியை ஏதாவது ஒரு மரத்தடியில் நிறுத்துவான். அவள் சோற்றுடன் வருவாள். இருவரும் ஓட்டுநர் இருக்கையில் கால்களைத் தொங்கவிட்டுச் சாப்பிடுவார்கள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நிம்மதியாகப் பேச அவர்களுக்கு அமைந்த ஒரே இடம் அந்த லாரிதான். வீட்டில் இரண்டு மகள்களும் தொலைக்காட்சியும் யாரையும் பேசவிடுவதில்லை.

மழை பொய்த்த வருஷத்தில் கீழ்த்தெரு சலவைக்கடைக்காரரின் கிணறு வற்றியது. மேல்தெருக்காரர்கள் பெரிய மோட்டார் போட்டு இழுக்கிறார்கள் என்று கீழ்த்தெருவில் பேச்சு. கீழ்த்தெருவில் ராத்திரி பகலாய்த் துணி துவைத்துத் தீர்த்துவிட்டார்கள் என்று மேல்தெருவில் பேச்சு. பிறகு இரண்டு தெருவும் அவளையே சந்தேகப்பட்டன. "எங்க கிணத்தளவ அந்தப் பக்கம் போய்ச் சொல்றியா?" என்று ஒரு வீட்டில் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அலுவலகத்துக்கு மட்டும்தான் அனுப்புகிறேன் என்றாள் அவள். சொன்னது உண்மைதான். ஆனால் வாசல் தாண்டியதும், தெரிந்ததை யாருக்கும் சொல்லாமல் வைத்திருப்பதுதானே தப்பு என்று தோன்றியது. சில பின்கதவுகள் அவளுக்குத் திறக்காமல் போயின.

அப்போதுதான் கணவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரத்துக்குமேல் எழுந்திருக்க முடியவில்லை. வேறு ஓட்டுநர் கிடைக்காமல் லாரி சூளையருகே சும்மா நின்றது. அந்த வாரம் கீழ்த்தெருவில் முதல் கிணற்றில் நாடாவை விட்டபோது, எதிர்பார்த்ததற்கு முன்பே சக்கரம் கத்தியது. பக்கச் சுவரில் ஈரம் பட்டிருக்கும் என்று நினைத்து மறுபடி இறக்கினாள். அதே அளவு. அடுத்த வீட்டிலும் அப்படியே. மேல்தெருவுக்குப் போனாள். அங்கேயும் தண்ணீர் ஒரு ஜாண் ஏறியிருந்தது. மழை இல்லை, மோட்டார்களும் வழக்கம்போல் ஓடிக்கொண்டிருந்தன. நின்றிருந்தது லாரி ஒன்றுதான். கிணற்றுச் சுவரில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அவன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். சூடு குறைந்திருந்தது. இன்னும் நாலு நாள் இவர் படுத்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் கையை எடுத்துக்கொண்டாள்.

அவன் எழுந்து வேலைக்குப் போனான். தண்ணீர் மறுபடி இறங்கியது. அலுவலகத்தில் அவளோடு பேசும் பெண் பொறியாளரிடம் போனில் விஷயத்தைச் சொன்னாள். பொறியாளர் இரண்டு தெரு அளவுகளையும் கோடுகளாக வரைந்து பார்த்துவிட்டு அன்றே திரும்பக் கூப்பிட்டாள். இரண்டு கோடும் ஒன்றாகவே ஏறி, ஒன்றாகவே இறங்குகின்றன என்றாள்.

"அக்கா, இது ரெண்டு தண்ணி இல்ல, ஒரே தண்ணி. ஊர்ல எல்லாருக்கும் காட்டணும். நீங்க சரின்னா நானே வரேன்."

யோசித்துச் சொல்கிறேன் என்று அவள் போனை வைத்தாள்.

மறுநாள் மதியம் லாரியில் கணவன் பாதி சாப்பிட்டிருந்தபோது சொன்னாள்.

"நீங்க படுத்திருந்தப்போ ரெண்டு தெருவுலயும் தண்ணி ஏறுச்சு."

அவன் சோற்றைப் பிசைந்தான். "அப்போ நான் போய்ச் சேந்துட்டா ஊரே செழிச்சிடும்."

"அப்படிப் பேசாதீங்க. உங்களச் சொல்லல, அந்த ஆழ்துளைக் கிணத்தச் சொல்றேன்."

"அங்க குழாயத் திறக்கறவன் நான்தானே." கையைக் கழுவிவிட்டு, "எல்லார்கிட்டயும் சொல்லப்போறியா?" என்று கேட்டான்.

"உங்ககிட்ட சொல்லாம யார்கிட்டயும் சொல்ல மனசு வரல."

அவன் லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான். ஆனால் அடுத்த முறை அவள் அளக்கக் கிளம்பியபோது நானும் வருகிறேன் என்று செருப்பை மாட்டினான். சலவைக்கடைக்குப் பக்கத்து வீட்டுக் கிணற்றில் சக்கரத்தை அவனே வாங்கிக்கொண்டான். நாடா போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு ஆழமா என்று நடுவில் ஒருமுறை அவளைத் திரும்பிப் பார்த்தான். கடைசியில் அடியில் எங்கோ தொட்டுக் கத்தியது. போன மழைக்குப் பிறகு இதில் பாதி ஆழத்திலேயே தண்ணீர் இருந்தது என்றாள் அவள். அவன் மெதுவாகச் சுற்றி மேலே எடுத்தான். நனைந்த நுனியைத் துண்டால் துடைத்தான்.

"சொல்லிடு" என்றான்.

பள்ளிக்கூட ஹாலில் கூட்டம் நடந்தது. மேல்தெரு ஒரு பக்கம், கீழ்த்தெரு ஒரு பக்கம், நடுவில் நடக்க வழிபோல ஓர் இடைவெளி. பொறியாளர் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, இரண்டு கோடுகளையும் பெரிதாகக் காட்டினாள். எது எங்க தெரு என்று சலவைக்கடைக்காரர் கேட்டார். பொறியாளர் அவசரத்தில் பெயர் போட மறந்திருந்தாள். ஆளாளுக்கு இதுதான் எங்களுது என்று கை காட்டினார்கள். இரண்டு தெருக்காரர்களும் ஒரே கோட்டையே காட்டினார்கள். யாரோ சிரித்தார்கள், பிறகு பலர் சிரித்தார்கள்.

சூளைக்காரர் சிரிக்கவில்லை. எவனோ ஒருத்தன் காய்ச்சலில் படுத்ததெல்லாம் ஒரு சாட்சியா என்றார். அவர் கேட்பது நியாயம், இன்னொரு முறை நிறுத்திப் பார்த்தால்தான் உறுதியாகும் என்று பொறியாளரும் ஒத்துக்கொண்டாள்.

பின்வரிசையில் கணவன் எழுந்தான். "படுத்திருந்தவன் நான்தாங்க. மறுபடியும் வண்டிய நிறுத்தறேன். எல்லாருமாச் சேந்து பாத்துக்கலாம்."

மருத்துவமனைக்கு மட்டும் தூரத்து ஏரியிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தான். மற்றபடி லாரி நின்றது. அந்த நாட்களில் அவள் தனியாக அளக்கவே இல்லை. கிணற்றைச் சுற்றி ஒரு கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். மேல்தெருக் கிணற்றைப் பார்க்கக் கீழ்த்தெருவிலிருந்து ஆள் வந்தார்கள். அளவைத் தேநீர்க் கடை மூலையில் ஒரு கரும்பலகையில் எழுதிவைத்தாள். தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. சலவைக்கடைக்காரர் கிணற்றில் மட்டும் கடைசிவரை தண்ணீர் திரும்பவில்லை. அவர் பக்கத்து வீட்டுக் கிணற்றிலிருந்து குழாய் இழுத்துக்கொண்டார்.

சூளைக்காரர் மனசே இல்லாமல்தான் தண்ணீர் இறைப்பதைக் குறைக்கச் சம்மதித்தார். அதற்குப் பின் லாரி தூரத்து ஏரிக்குப் போய் நிரப்பி வந்தது. கணவன் விடியுமுன் கிளம்பிப் பொழுது சாய்ந்து திரும்பினான். மதியச் சாப்பாடு போயிற்று. அவள் அடுப்பருகே நின்றபடி தனியாகச் சாப்பிட்டாள். சரியாகத்தான் செய்தோம் என்று தெரிந்தாலும், அந்த நேரத்தில் மட்டும் பாதிச் சோற்றை அப்படியே மூடி வைத்துவிடுவாள்.

ஊர்க்காரர்கள் கரும்பலகையைப் பார்த்துவிட்டு மோட்டார் போடப் பழகினார்கள். அளவு இறங்கினால் தோட்டத்துக்கு விடுவதை அவர்களே நிறுத்தினார்கள். சண்டை நின்றுவிட்டது என்று சொல்ல முடியாது. இப்போது வண்டி நிறுத்துகிற இடத்துக்காகச் சண்டை போடுகிறார்கள்.

அடுத்த ஊரிலிருந்து கூப்பிட்டார்கள், எங்களுக்கும் அளந்து காட்டுங்கள் என்று. ஒரு விடுமுறை நாளில் கணவன் அவளை ஸ்கூட்டரில் அழைத்துப்போனான். ஓடு வேய்ந்த கிடங்கு ஒன்றின் நடுவில், பல வருஷமாக மூடிக்கிடந்த ஒரு கிணறு. நாலு பேர் சேர்ந்து கல்லை நகர்த்தினார்கள். உள்ளிருந்து குளிர்ந்த காற்று வந்து அவள் முகத்தில் பட்டது. கிடங்கின் கூரை ஓட்டை வழியாக விழுந்த வெயில் கிணற்றுக்குள் கொஞ்ச தூரம் போய்க் காணாமல் போயிற்று.

எவ்வளவு நேரமாகும் என்று கிடங்குக்காரர் கேட்டார்.

"தெரியலங்க. இதுக்கும் எனக்கும் இப்பதான் பழக்கம்" என்றாள் அவள், நாடாவை விட்டுக்கொண்டே.