நாற்பது நாள் வீம்பும் ஒரு கேசட்டும்: விழுப்புரம் – திண்டிவனம் சைக்கிளில்

1987 சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன பயணம் இது. மனைவி பிரசவத்துக்குத் திண்டிவனத்தில் அம்மா வீட்டில் இருந்தாள். பெண் பிறந்து ஒரு நாள் கழித்துத்தான் என்னால் போக முடிந்தது. மாமனார் நாலு பேர் முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார். குழந்தையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தவன், நாற்பது நாள் அந்தப் பக்கமே போகவில்லை.

சனிக்கிழமை மச்சான் வந்து ஒரு கேசட்டைக் கொடுத்தான். "அக்கா குடுத்துச்சி" என்றதோடு சரி. துபாயிலிருந்து வந்திருந்த நண்பனிடம் வாக்மேன் இரவல் வாங்கினேன். பஸ்ஸில் போயிருக்கலாம். ஆனால் பாதி வழியில் மனசு மாறினால் சைக்கிளைத்தானே திருப்ப முடியும்?

காலை ஐந்தரைக்குக் கிளம்பினேன். பதின்மூன்று கிலோமீட்டரில் விக்கிரவாண்டி, மணி ஆறு இருபது. டீ குடித்துவிட்டு இயர்போனை மாட்டினேன்.

முதலில் தண்ணீர் ஊற்றும் சத்தம். "இப்போ குளிப்பாட்டறோம்" என்றாள் மனைவி. பிறகு குழந்தையின் அழுகை, தும்மல். பிறகு அவள் தாலாட்டு. என்மேல் புகார் ஒன்றுகூட இல்லை. அதுதான் தாங்கவில்லை.

கூட்டேரிப்பட்டுக்குச் சற்று முன், பின்னாலிருந்து லாரி வந்தது எனக்குக் கேட்கவே இல்லை. காற்று அடித்துத் தள்ளியபோதுதான் தெரிந்தது. சைக்கிளோடு சாலையோரப் பள்ளத்தில் கிடந்தேன். முழங்கை சிராய்த்திருந்தது. கேசட் ஓடிக்கொண்டிருந்தது.

சாலையோரம் மல்லாட்டைக் கடலை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மா ஓடிவந்து தூக்கினார். "இன்னாங்க, அவ்ளோ நேரமா ஹாரன் அடிச்சிக்கினு வர்றான், காது கேக்காதா?"

சொல்லத் தெரியாமல் இயர்போனை நீட்டினேன். காதில் வைத்துக் கேட்டார்.

"கொயந்த எங்க கீது?"

"திண்டிவனத்துல."

"பாடற பொம்பள அழுதுக்கினே பாடுது. நீங்க இங்க ரோட்டுல கேட்டுக்கினு போறீங்க. ஜல்தியா போங்க."

எனக்குக் கேட்காத அழுகை அவருக்குக் கேட்டிருக்கிறது. வாக்மேனைப் பையில் போட்டு மிதித்தேன். திண்டிவனம் சேர்ந்தபோது மணி எட்டு ஐம்பது. மொத்தம் முப்பத்தேழு கிலோமீட்டர்.

கதவைத் திறந்தது மாமனார். என் முழங்கையைப் பார்த்தார். "உள்ள வாங்க, மருந்து போடணும்" என்றார். அவ்வளவுதான்.

"கேசட்டு கேட்டீங்களா?" என்றாள் மனைவி.

"பாதிதான். மீதியில என்ன இருக்கு?"

"பேரு வைக்கல, நீங்க வரணும்னு சொல்லியிருந்தேன்" என்று குழந்தையை என் மடியில் வைத்தாள்.

இப்போது அந்தச் சாலை நாலு வழி. லாரிகளின் வேகமும் நாலு மடங்கு. வெயிலுக்கு முன் கிளம்புங்கள், கூட்டேரிப்பட்டில் தண்ணீர் நிரப்பிக்கொள்ளுங்கள். இயர்போனை மட்டும் சைக்கிளை நிறுத்திவிட்டு மாட்டுங்கள். திரும்பும் நேரத்தை என்னைக் கேட்காதீர்கள். அன்றைக்கு மாலையே திரும்புவதாக நினைத்திருந்தேன். வியாழக்கிழமைதான் கிளம்ப மனம் வந்தது.