அழுதீங்களா என்று கேட்பார்கள்

பாதிப் பாடத்தில் ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: “டீச்சர், அழுதீங்களா?”

நான் அழவில்லை. கண்ணுக்குக் கீழே கறுத்து, காலையில் இரண்டு பை தொங்குவதுபோல் உப்பியிருக்கும் முகத்தை வைத்துக்கொண்டு அதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? இராஜாக்கமங்கலத்திலிருந்து நாகர்கோவில் பள்ளிக்குப் பஸ்ஸில் போகும்போது முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருப்பேன்.

அண்ணன் மகள் கல்யாணம் வந்தது. வடசேரியில் ஒரு கடையில் கறுப்பை மறைக்கும் கன்சீலர் பூச்சு கேட்டேன். கடைப்பெண் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: “அக்கா, அடிபட்டுக் கன்னிப்போனதக்கூட மறைச்சிரும்.” காது சுட்டது. ஆனாலும் வாங்கினேன்.

மண்டபத்தில் ஓமப்புகை. தும்மல் நிற்கவில்லை, கண் அரித்தது. கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துவிட்டேன். ஒரு கண்ணுக்குக் கீழே பூச்சு கலைந்து, கறுப்பு மட்டும் திட்டாகத் தெரிந்ததை நான் கவனிக்கவில்லை. அண்ணன் கவனித்தான். என்னை ஒன்றும் கேட்கவில்லை. என் கணவரைத் தோளில் கைபோட்டு மண்டபத்தின் பின்பக்கம் கூட்டிப்போனான்.

திரும்பி வந்தவர், “போவோம்” என்றார். பந்தியில் பாயசம்கூட வந்திருக்கவில்லை. அதன்பிறகு என் பக்கத்து விசேஷம் எதற்கும் அவர் வரவில்லை. ஏதாவது ஒரு வேலை சொல்லிவிடுவார்.

மதினி போனில் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. “ஏட்டி, அண்ணன் சத்தம் போட்டதுக்குப் பொறவு அவரு கை நீட்டாம இருக்காரா?”

ஒரு தடவைகூட என்னிடம் குரல் உயர்த்தாத மனிதர். அவரைக் கல்யாண வீட்டில் பெண்டாட்டியை அடிக்கிறவனாக நிறுத்தியிருந்தது என் முகம்.

“ஏன் எங்கிட்ட சொல்லல?” என்று அவரிடம் கேட்டேன்.

“என்னத்தச் சொல்ல? நான் அடிக்கலண்ணு மச்சான்கிட்ட சொன்னேன். அடிக்கவனும் அப்படித்தானே சொல்லுவான்” என்றார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

இருவரும் தோல் டாக்டரிடம் போனோம். நர்ஸ் அவரை வெளியே இருக்கச் சொன்னாள். டாக்டரம்மா மெதுவாகக் கேட்டார்: “வீட்டுல ஏதும் பிரச்சினை உண்டா?” கதவு பாதி திறந்துதான் இருந்தது. வெளியே பெஞ்சில் அவர் தலை குனிந்திருந்தது.

“இல்ல டாக்டர். அவரையும் உள்ள கூப்பிடுங்க” என்றேன். என் குரல் அறைக்குப் பொருந்தாத சத்தத்தில் வந்தது.

ரத்தப் பரிசோதனையில் தைராய்டும் சிறுநீரகமும் சரியாகவே இருந்தன. டாக்டரம்மா சொன்னார்: “உங்களுக்கு அலர்ஜி. சாக்பீஸ் தூசு, புகை எல்லாம் ஆகாது. மூக்கு அடைச்சா கண்ணுக்குக் கீழ ரத்தம் தேங்கிக் கறுப்பாத் தெரியும். அந்தத் தோல் ரொம்ப மெல்லிசு, நீங்க தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும். அம்மாவுக்கும் இப்படி உண்டா?”

“உண்டு.”

“அப்ப அந்தக் கறுப்பு முழுசாப் போகாது. வீக்கம் குறையும்.”

கருவாடும் ஊறுகாயும் குறைக்கச் சொன்னார். தலையைக் கொஞ்சம் உயர்த்திப் படுக்க வேண்டும், நன்றாகத் தூங்க வேண்டும், அரித்தால் தேய்க்காமல் குளிர்ந்த துணியை ஒற்ற வேண்டும், கண்மையைக் கழுவாமல் படுக்கக் கூடாது, வெயிலில் குடை வேண்டும். என் கணவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், நோய் தனக்கு என்பதுபோல.

மறுநாளே அண்ணன் வீட்டுக்குப் போனேன். முற்றத்துக் குழாயில் சோப்புப் போட்டு முகத்தைக் கழுவிவிட்டு அவன் முன்னால் நின்றேன்.

“நல்லாப் பாரு. நம்ம அம்மைக்க கண்ணு இது. மறந்து போச்சா?”

அவன் பார்த்தான். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைப் பிடித்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மட்டி வாழைக்குலையோடு எங்கள் வாசலில் வந்து நின்றான். உள்ளே வரத் தயங்கினான். “வாங்க மச்சான்” என்று இவர்தான் கூப்பிட்டார். இருவரும் மழையைப் பற்றிப் பேசினார்கள், வாழைக்கு முட்டுக் கொடுப்பதைப் பற்றிப் பேசினார்கள். நடந்ததை யாரும் எடுக்கவில்லை. அடுக்களையில் டீ ஆற்றியபடி நான் காத்திருந்தேன், ஒரு வார்த்தையாவது வரும் என்று.

இப்போது வீக்கம் பெரும்பாலும் இல்லை. விசேஷங்களுக்கு இவரும் வருகிறார். பூச்சு ஏதும் இல்லாமல்தான் போகிறேன். யாராவது கேட்டால் “அலர்ஜி” என்று பக்கத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும்படி சொல்கிறேன். ஆனால் சேர்ந்து போட்டோ எடுக்கும்போது மட்டும் அவர் என்னைவிட்டு ஒரு கை தூரம் தள்ளி நிற்கிறார். பக்கத்தில் வாருங்கள் என்று சொல்ல எனக்கு இன்னும் நா எழவில்லை.