ஞாயிறு முதல் புதன் வரை

முதலில் இருமியது என் அண்ணன்தான். செவ்வாய்க்கிழமை காலை கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் குனிந்தவாக்கிலேயே நின்றுவிட்டார். கச்சான் காற்று மணலை வாரி அடிக்கும் மாதம் அது. தொண்டைக்குள் மணல் போயிருக்கும் என்று நினைத்துத் தண்ணீர் மொண்டு கொடுத்தேன். செம்பை வாங்கிய கை அனலாகக் கொதித்தது.

அது ஐம்பத்தேழாம் ஆண்டு. கப்பல் வழியாக வந்த புளூ (இருமல், தும்மல் மூலம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் விஷக்காய்ச்சல்) பட்டணத்தில் பரவுவதாகப் பத்திரிகையில் படித்திருந்தோம். பத்திரிகையில் வரும் நோய் தங்கச்சிமடத்துக்கு வர நாளாகும் என்று நினைத்திருந்தேன்.

எனக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. இந்த ஊர்ப் பள்ளியில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். திருமணம் செய்துகொள்ளவில்லை. அண்ணன் சவரிமுத்து என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பாம்பன் ரயில் பாலத்தில் இரும்புக்குத் தார் பூசும் கூட்டத்தில் வேலை பார்த்தவர். கல்யாணமான இரண்டாம் வருஷமே மதினி இறந்துபோனாள். அன்றிலிருந்து முப்பது வருஷத்துக்கு மேலாக நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம்.

வயதான இருவர் மட்டும் இருக்கும் வீட்டில் இந்தக் காய்ச்சல் புகுந்தால் என்ன ஆகும் என்பதை எழுதும்படி சிலர் கேட்டார்கள். எங்கள் வீட்டில் என்ன ஆயிற்று என்பது எனக்கே முழுதாகத் தெரியாது. தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன்.

புதன்கிழமை சுகாதார இன்ஸ்பெக்டர் வந்தார். வாசலில் நின்றபடியே அண்ணனைப் பார்த்தார். வீட்டுக்குள் யாரும் வரக்கூடாது, நாங்களும் வெளியே போகக்கூடாது என்றார். மாத்திரையும் மிக்சரும் கொடுத்தார். அவர் போனதும் தெருக்காரர்கள் எங்கள் வேலிப்படலுக்குக் குறுக்கே ஒரு பனை மட்டையைக் கட்டிவிட்டார்கள். யார் மீதும் எனக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் வீட்டிலும் வயதானவர்கள் இருந்தார்கள்.

அடுத்த வீட்டு ஞானப்பூ மட்டும் தினமும் ஒரு குடம் தண்ணீரைக் கொண்டுவந்து வேலியோரம் வைத்துவிட்டு, "டீச்சரம்மா, தண்ணி வச்சிருக்கேன்" என்று குரல் கொடுப்பாள். அவள் என்னிடம் படித்தவள். அவள் வீட்டுப் பக்கம் திரும்பிப் போன பிறகுதான் நான் போய் எடுப்பேன்.

வெள்ளிக்கிழமை அண்ணனுக்கு மூச்சு வாங்கியது. பாம்பனில் சரக்கு வைக்கும் ஒரு பழைய கிட்டங்கியைச் சுத்தம் செய்து காய்ச்சல்காரர்களுக்கு வார்டு ஆக்கியிருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அதைச் சொன்னதும் அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"என்னைய எங்கயும் அனுப்பிராத திரேசு. சாகுறதா இருந்தாலும் இங்கன கெடந்து சாகுறேன்."

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். வாலிபத்தில் பாலத்திலிருந்து விழுந்து கால் முறிந்து, மதுரையில் மூன்று மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஊர் திரும்பியபோது எங்கள் அம்மாவைப் புதைத்து நாற்பது நாள் ஆகியிருந்தது. அவர் மனம் உடைந்துவிடும் என்று எண்ணி யாரும் அவருக்குச் சொல்லி அனுப்பவில்லை.

"அனுப்ப மாட்டேண்ணே" என்றேன். தெளிவாகச் சொன்னேன். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

சனிக்கிழமை மத்தியானம் அரிசி களைந்துகொண்டிருந்தபோது என் முழங்கால்கள் இரண்டும் வேறு யாருடையவோ போல் ஆயின. உடம்பெங்கும் முறித்துப் போட்டது போன்ற வலி. பாயை விரித்துப் படுத்தேன். அண்ணன் பக்கத்து அறையில் இருமுவது கேட்டது. பிறகு அந்தச் சத்தம் பள்ளிக்கூட மணியாக மாறியது.

அதன் பிறகு நடந்தவற்றை எந்த வரிசையில் எழுதுவது என்று தெரியவில்லை. வீட்டின் வாசல் கிழக்கே இருந்தது. அது தெற்கே போய்விட்டது. கூரையில் அலை அடித்தது. நான் வகுப்பில் நின்றுகொண்டு வருகைப் பதிவேட்டைத் தேடினேன். யாரோ பெயர்களைக் கேட்டார்கள், எனக்கு ஒரு பெயரும் வரவில்லை.

ஒன்று மட்டும் இந்தக் குழப்பத்துக்கு வெளியே, பட்டப்பகலில் பார்த்தது போல் தெளிவாக இருக்கிறது. அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி கொடுத்தார். அலுமினியக் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்து, ஊதி ஊதிக் கொடுத்தார். உப்பு மிக அதிகம். "எழுந்திரி, குடி" என்றார். ஒரு தடவை அல்ல. மூன்று நான்கு தடவை. அவருக்கு உடம்பு தேறிவிட்டது என்று எனக்கு அவ்வளவு நிம்மதி.

விழித்தபோது காலை வெயில் சுவரில் இருந்தது. வாசல் மறுபடியும் கிழக்கே வந்திருந்தது. சட்டை முழுவதும் வேர்வையில் நனைந்திருந்தது.

"அண்ணே" என்றேன். சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன். கட்டில் காலியாக இருந்தது. போர்வை இல்லை. அவருடைய செருப்பு மட்டும் கட்டிலுக்கு அடியில் கிடந்தது.

வேலிவரை எப்படி நடந்தேனோ தெரியாது. ஞானப்பூ மீன் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கையை நீட்டித் தடுத்தாள்.

"டீச்சரம்மா, அங்கனயே நில்லுங்க. விழுந்திராதீக. படலப் பிடிச்சுக்கங்க."

"அண்ணன் எங்க?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "பாம்பன் வார்டுலதான். நீங்கதானம்மா அனுப்பி வச்சீக."

"நானா? எப்ப?"

"ஞாயித்துக்கிழமை. இன்ஸ்பெக்டர் ஐயா வண்டியோட வந்தாரு. நீங்க வாசல்ல நின்னு பேசுனீக, என்னன்னு எனக்குக் கேக்கல. அவரு நீட்டுன தாள்ல கையெழுத்துப் போட்டீக. நான் இங்கன நின்னு பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"இன்னைக்கு என்ன கிழமை?"

"வியாழன்."

படலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன் என்று விரல் விட்டு எண்ணினேன். "அப்ப எனக்குக் கஞ்சி கொடுத்தது யாரு?" என்று கேட்டேன்.

"உங்க வீட்டுக்குள்ள ஒரு ஆளு போகலம்மா. நானும் போகல, பொய் சொல்லக் கூடாது. தண்ணி மட்டும் வைப்பேன். கூப்பிட்டா நீங்கதான் தள்ளாடிக்கிட்டு வந்து குடத்த எடுத்துட்டுப் போவீக. அடுப்புப் புகை வந்துச்சு. சரி, டீச்சரம்மா தேறிட்டாகன்னு நெனச்சேன்."

உள்ளே வந்து அடுப்பைப் பார்த்தேன். புதிய சாம்பல் இருந்தது. பானையில் கஞ்சி ஒட்டி உலர்ந்திருந்தது. அலுமினியக் கிண்ணம் என் தலைமாட்டில் கவிழ்ந்து கிடந்தது. அப்போதுதான் என் இடது முழங்கையில் எரிச்சல் தெரிந்தது. உள்ளங்கை அகலத்துக்குச் சுட்டுக் கொப்புளம் கட்டி, உடைந்து, காயவும் தொடங்கியிருந்தது. அது எப்போது சுட்டது என்று எனக்குத் தெரியாது.

அன்று முழுவதும் கிண்ணத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகை வரவில்லை. யாரை நம்புவது என்று தெரியாதபோது அழுகையும் வராது போலிருக்கிறது. ஞானப்பூ பொய் சொல்லும் பெண் அல்ல. ஆனால் என் கண்ணால் பார்த்ததை நான் எப்படி விடுவது?

சனிக்கிழமை பாம்பன் போய்வரும் மாட்டு வண்டிக்காரர் மூலம் செய்தி வந்தது. அண்ணனுக்கு நிமோனியா (நுரையீரலில் சளி சேர்ந்து அழற்சி கண்டு மூச்சை அடைக்கும் நோய்), பெனிசிலின் ஊசி போடுகிறார்கள், உயிருக்குப் பயம் தணிந்திருக்கிறது என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். நான் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் வண்டிக்காரரிடம் பதில் கேட்டேன். "கடுதாசிய வாங்கித் தலகாணிக்கு அடியில வச்சுக்கிட்டாரும்மா. ஒண்ணும் சொல்லல" என்றார்.

பத்து நாள் கழித்து நானே வண்டியில் பாம்பன் போனேன். வார்டுக்கு வெளியே ஒரு மேஜை போட்டு டாக்டர் உட்கார்ந்திருந்தார். சின்ன வயதுக்காரர், தூக்கம் இல்லாத கண்கள். நான் கேட்டதும் அந்தத் தாளை எடுத்துக் காட்டினார். நோயாளியை வார்டில் சேர்க்கச் சம்மதிக்கிறேன் என்ற வாசகத்துக்குக் கீழே என் கையெழுத்து. கோணாமல், நடுங்காமல், முப்பது வருஷம் பதிவேட்டில் போட்ட அதே கையெழுத்து. அதன் கீழே 'ஐந்தாம் வகுப்பு' என்று எழுதியிருந்தேன்.

"டாக்டர், இதை நான் யோசித்துப் போட்டேனா, காய்ச்சல் போட்டதா?"

அவர் தாளை மடித்து வைத்தார். "உங்களுக்கு வந்தது சன்னி, கடும் காய்ச்சல்ல புத்தி தடுமாறும். வயசானவங்களுக்கு அதிகம் வரும். அந்த நேரத்துல நடப்பாங்க, சமைப்பாங்க, பேசுவாங்க. நினைவுல நிக்காது. அதுல எது உங்க யோசனை, எது காய்ச்சல்னு பிரிச்சுச் சொல்ல எனக்குத் தெரியாதும்மா. ஒண்ணு சொல்லலாம். அன்னைக்கு அவர் வரலைன்னா திங்கட்கிழமை இருந்திருக்க மாட்டார்."

அதைக் கேட்டு எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. நல்லதைச் செய்தது நான்தான் என்று சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை, வாக்கை மீறியது நான் அல்ல என்று சொல்லிக்கொள்ளவும் முடியவில்லை.

அண்ணனை வண்டியில் ஏற்றிக் கூட்டிவந்தேன். பாதி ஆளாக இருந்தார். வழியெல்லாம் வண்டிக்காரரிடம் மாட்டைப் பற்றிப் பேசினார். என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

வீட்டிலும் அப்படித்தான். சோறு வைத்தால் சாப்பிடுவார். மருந்து கொடுத்தால் வாங்கிக் குடிப்பார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். பனை மட்டையை அவிழ்த்துவிட்டார்கள். கோயிலிலிருந்தும் கடற்கரையிலிருந்தும் ஆட்கள் பார்க்க வந்தார்கள். அவர்களுடன் சிரித்துப் பேசுவார். அவர்கள் போனதும் வீடு மறுபடியும் அடைத்துக்கொள்ளும். காய்ச்சலின்போது நாங்கள் தனித்திருந்ததைவிட இது மோசமாக இருந்தது.

பன்னிரண்டு நாள் பொறுத்தேன். பதின்மூன்றாம் நாள் அவர் கட்டிலின் எதிரே தரையில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, வாக்குக் குடுத்துட்டு அனுப்புனது தப்புதான். ஆனா எனக்கு ஞாபகமே இல்ல."

"எனக்கு இருக்கு" என்றார்.

"சொல்லுங்க. என்ன நடந்துச்சுன்னு நீங்களாவது சொல்லுங்க."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அனுப்புனதுக்கு எனக்குக் கோவம் இல்ல. மூச்சு விட முடியாமக் கெடந்தேன், அனுப்பாட்டி செத்திருப்பேன். இன்ஸ்பெக்டர் தாள்ல எழுதிக்கிறதுக்காக உன்ன 'இவரு யாரும்மா உங்களுக்கு'ன்னு கேட்டாரு. நீ வாசல்ல தலையை விரிச்சுப் போட்டுக்கிட்டு நிக்கிற. என்னைய நல்லா உத்துப் பாத்த. 'இந்த ஆளு யாருன்னு எனக்குத் தெரியல, கூட்டிட்டுப் போங்க'ன்ன."

என் கை தானாகக் கொண்டையைத் தொட்டுப் பார்த்தது.

"அங்கன ராப்பகலா அதைத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். முப்பது வருஷம் ஒரே ஒலையில சோறு தின்னுட்டு, யாருன்னு தெரியலன்னுட்டியே."

அவர் சொன்னது நடந்திருக்கும் என்று நம்பினேன். ஆனாலும் அதைச் சொன்னவளை எனக்குத் தெரியவில்லை. வேறு ஒருத்தி செய்ததற்கு மன்னிப்புக் கேட்பது போல் இருந்தது. கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. எனக்குத் தெரிந்த ஒன்றை மட்டும் சொன்னேன்.

"நீங்க போனப்புறமும் இங்கனதான் இருந்தீக. எனக்கு மூணு நாள் கஞ்சி குடுத்தீக. கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டு ஊதி ஊதிக் குடுத்தீக. நான் பாத்தேன்."

அவர் முகத்தைத் திருப்பினார். "நானா?"

"நீங்கதான். ஒரே உப்பு."

கையில் இருந்த சுட்ட தழும்பைக் காட்டினேன். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். எப்போது சுட்டது என்று கேட்டார். தெரியாது என்றேன். அடுப்பைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். மெல்ல விளங்கியிருக்க வேண்டும்.

"யாருன்னு தெரியாதவன் கையிலதான் கஞ்சி வாங்கிக் குடிச்சியாக்கும்" என்றார்.

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அவர் கட்டிலிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். எழுந்து உட்காரவே சிரமப்பட்டவர், தரையில் உட்கார்ந்தார். பிறகு அவரைத் தூக்கிவிட ஞானப்பூவைத்தான் கூப்பிட வேண்டியிருந்தது.

உங்கள் வீட்டில் வயதானவர்கள் காய்ச்சலில் கிடந்தால், அவர்கள் சொல்லும் கொடிய வார்த்தையை அவர்கள் மனத்தில் இருந்தது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். வாசலுக்கு வெளியே நின்றாவது தினமும் பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், கிழமையைச் சொல்லுங்கள். சமைத்ததைக் கொண்டுவந்து வையுங்கள். அடுப்புப் புகையை மட்டும் நம்பாதீர்கள். எங்களுக்கு உதவியிருக்கும் என்று இப்போது தோன்றுவது இவ்வளவுதான். வேறு பெரிய அறிவு எதுவும் எனக்கு வந்துவிடவில்லை.

இதெல்லாம் நடந்து இரண்டு வருஷம் ஆகிறது. உடம்பு தேறிவிட்டது என்கிறார்கள். நாக்குக்கு ருசி திரும்ப நான்கு மாதம் ஆயிற்று. படுத்து எழுந்தால் கால் என்னுடையதுதானா என்று ஒரு கணம் காத்திருந்து பார்த்துவிட்டுத்தான் ஊன்றுகிறேன். முன்பெல்லாம் ஒரு நாள் என்றால் நாற்பது நிமிஷப் பாடங்களாக நறுக்கி வைத்தது போல் தெரியும். இப்போது நாட்கள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. நேற்று நான் இருந்தேன் என்பதற்கு என் நினைவு மட்டும் போதுமா என்று சந்தேகம் வருகிறது. உடன் இருந்தவர் ஒருவர் ஆமாம் என்றால்தான் மனம் அடங்குகிறது.

சாயங்காலம் கரையோரம் நடக்கப் போகிறோம். மெதுவாகத்தான். சென்ற வாரம் ஒரு நாள் நடந்துகொண்டிருந்தபோது கேட்டேன். "அண்ணே, நேத்தும் நாம இங்கன வந்தமா?"

அவர் நின்றார். வல்லங்கள் கரையேறும் இடத்தைப் பார்த்தார். நாங்கள் வந்த பக்கம் திரும்பினார். காற்று எங்கள் காலடிகளை அப்போதே மூடிக்கொண்டிருந்தது.

"தெரியலயே திரேசு" என்றார்.

பிறகு அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், நடந்தோம்.